மாத்தினேன், ஒண்ணும் ஆகலை

போன வாரம், இப்போ கம்ப்யூட்டர் வேலை பாக்கற உங்கள்ல ஒரு பொண்ணு எனக்குப் போன் பண்ணா. பேரைச் சொல்லமாட்டேன், இதைப் படிக்கும்போது அவளுக்கே தெரியும். "மேடம், ஒரு செட்டிங்கை மாத்திப் பாத்தேன். ஒண்ணும் ஆகலை. அப்படியே விட்டுட்டேன், பரவாயில்லைதானே?" அப்படின்னு கேட்டா. கத்திட்டேன். வேலையை விட்டு நான் ரிடயர் ஆயிட்டேன், என் கோபம் இன்னும் ஆகலை. பாவம், அவ மன்னிப்பெல்லாம் கேட்டா. அவ கேக்க வேண்டிய அவசியமே இல்லை. அதே வார்த்தையை அவ பொறக்கறதுக்கு முன்னாடியே சொன்னவ நான். அனுபவத்தை எழுதிக் கொடுங்கன்னு நீங்க எல்லாரும் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்கீங்க. அதனால அதையே எழுதிடறேன்.

தொண்ணூறுகளோட கடைசி. மயிலாப்பூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம். ரெண்டு கட்டடம், நடுவுல ஒரு சந்து. பழைய கட்டடத்துல லேப். எதிர்த்தாப்புல புதுக் கட்டடத்துல வார்டுகளும் ஆபரேஷன் தியேட்டரும். முன்னாடியெல்லாம் ரத்தப் பரிசோதனை முடிவைக் காகிதத்துல எழுதி ஒரு ஆள் சந்தைத் தாண்டி எடுத்துக்கிட்டு ஓடணும். சந்துல எந்நேரமும் ஒரு ஆட்டோ குறுக்கே நிக்கும். ஐப்பசி மழையில மை கரைஞ்சு, பன்னிரண்டா இரண்டான்னு தெரியாம நர்சுங்க மறுபடி லேப்புக்குப் போன் பண்ணுவாங்க. அந்த அவஸ்தைக்காகத்தான் எங்க கம்ப்யூட்டர் செக்‌ஷனே வந்துச்சு. நான் அதுக்கு இன்சார்ஜ்.

நாங்க வெச்சிருந்தது செய்தியை வரிசையா வாங்கி அனுப்பற சாஃப்ட்வேர், நீங்க இன்னிக்குப் பொழங்கற மெசேஜ் கியூவோட பழைய தலைமுறை. லேப்ல ஒரு முடிவை டைப் பண்ணினா, அது வார்டு வார்டாத் தனித்தனியாப் போகாது. ஒரே ஒரு தடவை, ஒரு குழு எண்ணுக்குப் போகும். எந்தெந்தத் திரை அந்த எண்ணுக்குக் காது கொடுத்துக்கிட்டிருக்கோ அதெல்லாம் எடுத்துக்கும். மல்டிகாஸ்ட். அன்னிக்கு இருந்த கேபிளுக்கு அது பெரிய சிக்கனம். ஆனா அதுக்கு ஒரு குணம் உண்டு. சொல்றவனுக்குக் கேக்கறவன் யாருன்னு தெரியாது. ஒருத்தரும் கேக்கலைன்னாலும் தெரியாது. 'அனுப்பியாச்சு'ன்னு பச்சை எழுத்துல ஒரு வரி போட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிடும்.

என்னோட ஆபரேட்டர் தயாளன். சைதாப்பேட்டை ஆளு, அப்போ முப்பத்திரண்டு முப்பத்திமூணு வயசு இருக்கும், வீட்டுல ரெண்டு பசங்க. ஆறு வருஷமா காண்ட்ராக்டுல இருந்தார். மெஷினை ஆன் பண்றது, டேப்புல நகல் எடுத்து வெக்கறது, பிரிண்டருக்குப் பேப்பர் மாட்டறது எல்லாம் அவர்தான். டிகிரி கிடையாது, டைப்ரைட்டிங் முடிச்சுட்டு வேலைக்கு வந்தவர். ஆனா அந்த சாஃப்ட்வேரோட மேனுவல் இருக்கே, தூக்கினா கை வலிக்கும், அதைப் பக்கம் பக்கமாப் படிச்சவர் எங்க செக்‌ஷன்லயே அவர் ஒருத்தர்தான். புரியாததைக் கேப்பார். நான் வள்ளுன்னு விழுவேன். கொஞ்ச நேரம் கழிச்சு வந்து மறுபடி கேப்பார்.

அவரை நிரந்தரமாக்குங்கன்னு நான் மூணு தடவை எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த வருஷம்தான் ஒருவழியா ஏ.ஓ. சம்மதிச்சார். ஏ.ஓ.ன்னா எங்க நிர்வாக அதிகாரி. கறாரான மனுஷன், ஆனா ராகு காலம் எமகண்டம் பாக்காம ஒரு கையெழுத்துப் போடமாட்டார். "நல்ல நாள், விஜயதசமி அன்னிக்குப் பதினோரு மணிக்கு வா, ஆர்டரை வாங்கிக்கோ"ன்னு தயாளன்கிட்ட சொல்லிட்டார். ஆறு வருஷக் காத்திருப்பு, அது அவர் மேஜை டிராயர்ல ஒரு காகிதமா டைப் ஆகிக் கையெழுத்துக்காகக் கிடந்துச்சு.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. உங்களுக்கெல்லாம் சர்வர் எந்த ஊர்ல இருக்குன்னே தெரியாது, குங்குமப் பொட்டை எங்க வெப்பீங்க? எங்களுக்கு அது ஏ.சி. ரூம்ல கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி இருந்துச்சு. வருஷம் பூரா நிறுத்தாத மெஷின். அன்னிக்குச் சாயங்காலம் மட்டும் நிறுத்தி, தொடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, மாட வீதியில வாங்கின சாமந்திச் சரத்தைச் சாத்தி, பொரிகடலை படைச்சு, வாசல்ல பூசணிக்காய் உடைப்போம். ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டிக்குச் செய்யறதை நாங்க இதுக்குச் செஞ்சோம். மறுநாள் காலையில நல்ல நேரம் பாத்து ஆன் பண்ணுவோம். நடுவுல லேப் முடிவெல்லாம் பழையபடி காகிதத்துல போகும். வருஷத்துல அந்த ஒரு தடவைதான் எங்க மெஷின் நின்னு கிளம்பும். இதை மனசுல வெச்சுக்கங்க.

விஜயதசமி அன்னிக்கு வியாழக்கிழமை. தயாளன் புதுச் சட்டையில வந்திருந்தார், கடையில மடிச்ச மடிப்புகூடக் கலையலை. மேஜைக்கு அடியில மைசூர்பாகு டப்பா ஒண்ணு. பதினோரு மணிக்கு மேலதான் திறக்கணும்னு வீட்டுல சொல்லி அனுப்பிச்சிருக்காங்களாம். காலையிலயே மெஷினை ஆன் பண்ணிட்டார். நான் ஒன்பது மணிக்கு வந்து பாத்தேன். அனுப்பியாச்சு, அனுப்பியாச்சு, அனுப்பியாச்சுன்னு பச்சை வரிகள் ஓடிக்கிட்டிருந்துச்சு. திருப்தியாக் காபி குடிச்சேன்.

பத்தரைக்கு வார்டுலேருந்து மேட்ரன், நர்சுங்களுக்கெல்லாம் தலைவி, போன் பண்ணாங்க. "ஏம்மா, பூஜை முடிஞ்சு லேப்பு இன்னும் எழுந்துக்கலையா? காலையிலேருந்து ஒரு ரிசல்ட் வரலை." லேப்புல கேட்டா, காலையிலேருந்து அனுப்பிக்கிட்டேதான் இருக்கோம்ங்கறாங்க. நான் சந்தைத் தாண்டி ஓடிப் போய் வார்டுத் திரையைப் பாத்தேன். தப்புன்னு சொல்ற ஒரு வரி கிடையாது. காலியா இருந்துச்சு. ரிசல்ட் வராத திரையும் ரிசல்ட் இல்லாத திரையும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், அதுதான் பயம். நர்சுங்க மேல தப்பே இல்லை, அவங்க பூஜை மறுநாள் லேப் மெதுவா ஓடுதுன்னு நினைச்சுட்டாங்க. தியேட்டர் வாசல்ல ஒரு அம்மாவை ஆபரேஷனுக்குத் தயார் பண்ணி, ரத்த ரிப்போர்ட்டுக்காகப் படுக்க வெச்சிருந்தாங்க. அவங்க பையன் என்னைப் பாத்துட்டு நான் டாக்டர்னு நினைச்சு எழுந்து நின்னான்.

உடனே லேப் ஆட்களைக் காகிதத்தோட ஓட விட்டோம். அந்த அம்மாவோட ரிப்போர்ட்தான் முதல்ல போச்சு, ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சுது. அதைச் சொல்லிடறேன், நீங்க நடுவுல கவலைப்பட வேண்டாம். ஆனா எத்தனை நேரம் காகிதத்தோட ஓட முடியும்? ரெண்டு மாடி, எட்டு வார்டு.

நான் திரும்பி வந்தப்போ ஏ.ஓ. எங்க ரூம்ல நின்னுக்கிட்டிருந்தார். நேத்து மெஷினை யார் நிறுத்தினதுன்னு கேட்டார். தயாளன், சார்னு சொன்னேன். இன்னிக்கு ஆன் பண்ணது யாருன்னு கேட்டார். தயாளன்தான் சார்னு சொன்னேன். ரெண்டும் உண்மைதான். ஆனா நான் அதைச் சொன்ன வேகம் இருக்கே, அதை நினைச்சா இன்னிக்கும் எனக்குப் பிடிக்கலை.

ஏ.ஓ. தயாளன் பக்கம் திரும்பினார். "நேத்து வரைக்கும் ஓடின மெஷின். நடுவுல கை வெச்சது நீ ஒருத்தன்தான். ஆர்டர் இப்போதைக்கு இருக்கட்டும்பா, விசாரிச்சுட்டுப் பாக்கலாம். இனிமே நீ கீபோர்டுல கை வைக்காதே."

ஆபீஸ்ல 'பாக்கலாம்'னா என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும். தயாளன் எழுந்து போய்க் கண்ணாடிக் கதவோரமா, ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னார்.

அதுக்கப்புறம் ஒன்றரை மணி நேரம் நான் செஞ்சதெல்லாம் வெறும் ஆட்டம். மெஷினை மறுபடி நிறுத்தி ஆன் பண்ணேன். வராது. இன்னொரு தடவை பண்ணேன். வராது. எலி கேபிளைக் கடிச்சிருக்கும்னு சந்துக்கு மேல போற குழாயைத் திறக்கச் சொன்னேன். எலியும் இல்லை, கடியும் இல்லை. செட்டிங் எல்லாம் எழுதி வெச்சிருக்கிற நோட்டு ஒண்ணு உண்டு, கெட்டி அட்டை போட்டு, பூஜையில வெச்சு எடுத்தது, முதல் பக்கத்துல மஞ்சள்கூட இருக்கும். அதைப் பிரிச்சு ஒவ்வொரு வரியாப் படிச்சேன். குழு எண் நாலு பாகமா நீளமா இருக்கும், கடைசிப் பாகம் இருபதுன்னு என் கையெழுத்துலயே எழுதியிருந்துச்சு. வார்டுத் திரையில போய்ப் பாத்தா அங்கேயும் இருபது. எல்லாம் சரியா இருக்குன்னு ஏ.ஓ.கிட்ட அடிச்சுச் சொன்னேன். எல்லாம் சரியா இருந்தா ஏம்மா வேலை செய்யலைன்னு அவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

சாஃப்ட்வேரை எங்களுக்குப் போட்டுக் கொடுத்தவங்களோட ஆபீஸ் தி.நகர்ல. போன் பண்ணேன். லீவு நாள்ல தனியா உக்காந்திருந்த ஒரு ஆள், போன மாசத்து டேப்பைப் போட்டு மொத்தத்தையும் திரும்ப ஏத்திடுங்கன்னார். அதுக்குச் சாயங்காலம் ஆயிடும். அதுக்கு நடுவுல சேந்த முடிவெல்லாம் போயிடும், கையால மறுபடி டைப் பண்ணணும். ஆனா அந்த நிமிஷத்துல யாராவது ஏதாவது செய்யச் சொன்னா போதும்னு இருந்துச்சு எனக்கு. சும்மா நிக்கறதைவிடத் தப்பா ஒண்ணைச் செய்யறது சுகமா இருக்கும். இந்த வரியை மட்டும் ரெண்டு தடவை படிங்க. அலமாரியைத் திறந்து டேப்பைக் கையில எடுத்துட்டேன்.

அப்போ கதவோரத்துலேருந்து தயாளன் பேசினார். கை இன்னும் பின்னாடிதான் இருந்துச்சு.

"மேடம், ஒண்ணு சொல்லட்டா? நோட்ல இன்னா கீதுன்னு பாத்தாச்சு. வார்டுல இன்னா கீதுன்னும் பாத்தாச்சு. மிஷினுக்குள்ள இன்னா கீதுன்னு அதையே கேக்கலையே. காட்டுன்னு ஒரு கமாண்டு கீது, அது காட்டுறதோட சரி. ஒண்ணியும் மாத்தாது."

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. மல்டிகாஸ்ட் செட்டிங்கைக் காட்டற கமாண்டு எனக்குத் தெரியாதா? நானே எழுதின நோட்டு, நானே போட்ட எண், அதைப் போய் மெஷின்கிட்ட சரிபாக்கச் சொல்றியான்னு மனசுக்குள்ள நீ வா போன்னு ஏகவசனத்துல திட்டினேன். வாயால கொஞ்சம் மரியாதையாத் திட்டினேன். அவர் சொன்னதுல தப்பு கண்டுபிடிக்கத்தான் நான் உக்காந்து அந்தக் கமாண்டை அடிச்சேன். டேப்பை மடியில வெச்சுக்கிட்டே அடிச்சேன்.

திரையில ஒவ்வொரு வரியா வந்துச்சு. எந்தக் குழு எண்ணுக்கு அனுப்பறது. எந்தப் போர்ட், அதாவது எந்த வாசல் வழியா அனுப்பறது. உயிரோடதான் இருக்கேன்னு எத்தனை நொடிக்கு ஒரு தடவை குரல் கொடுக்கறது. புதுசா வந்து சேர்ற திரைக்குப் பழைய செய்தி எத்தனை கொடுக்கறது. எல்லாம் நோட்டுல இருக்கிற மாதிரியே இருந்துச்சு, முதல் வரியைத் தவிர. குழு எண்ணோட கடைசிப் பாகம் முப்பத்தஞ்சு. லேப் காலையிலேருந்து முப்பத்தஞ்சைப் பாத்துக் கத்திக்கிட்டிருந்துச்சு, வார்டெல்லாம் இருபதுக்குக் காதை வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்துச்சு.

அந்தக் கமாண்டு கடைசியா இன்னொரு வரியும் காட்டும். இந்தச் செட்டிங்கைக் கடைசியா மாத்தின தேதி, நேரம். மாத்தினது யாருன்னு காட்டாது. ஜூலை மாசத்துத் தேதி ஒண்ணு இருந்துச்சு, சாயங்காலம் அஞ்சரை மணி சுமாருக்கு.

அந்தத் தேதியை நான் ஆறு வாரம் தினமும் பாத்திருக்கேன். என் சின்னப் பொண்ணோட கையில, மாவுக் கட்டு மேல, அவளே ஸ்கெட்ச் பேனாவால எழுதி வெச்சிருந்தா. ஸ்கூல்ல விளையாடும்போது விழுந்து கை ஒடிஞ்ச நாள். அன்னிக்குக் குழந்தைகள் வார்டுக்குத் தனியா ஒரு குழு எண் போட்டுப் பாக்கலாமேன்னு நான் சோதனை பண்ணிக்கிட்டிருந்தேன். புதுசா ஒண்ணு உருவாக்காம, இருக்கிறதையே மாத்திட்டேன். சோம்பேறித்தனம், வேற என்ன. மாத்திட்டு வார்டுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், ரிசல்ட் எப்பவும் போல வருதுன்னாங்க. சரி, மாத்தினேன், ஒண்ணும் ஆகலை, என் கமாண்டு ஏறலைன்னு நினைச்சேன். அடுத்த நிமிஷம் ஸ்கூல்லேருந்து போன். பையைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டேன். மூணு நாள் லீவு. திரும்பி வந்தப்போ சோதனை பண்ணதே ஞாபகத்துல இல்லை.

மாத்தினது ஏறித்தான் இருந்துச்சு. அந்த சாஃப்ட்வேர் ஓடிக்கிட்டிருக்கும்போது மாத்தினா எழுதி வெச்சுக்கும், நின்னு கிளம்பும்போதுதான் எடுத்துக்கும். எங்க மெஷின் நிக்கறது வருஷத்துக்கு ஒரு தடவை. ஜூலையில நான் போட்ட விதை ஆயுத பூஜை வரைக்கும் காத்திருந்து முளைச்சுது.

பூஜை தப்பு பண்ணலை. தயாளனும் பண்ணலை. நான்தான்.

இப்போ கவனமாப் படிங்க, இதுக்காகத்தான் இத்தனையும் எழுதறேன். சரி பண்ண ஒரு வரி போதும். முப்பத்தஞ்சை இருபதாக்கி மெஷினை ஒரு தடவை நிறுத்தி ஆன் பண்ணா எல்லாம் ஓடும். ஆனா நான் சரி பண்ண அந்த நொடியே 'கடைசியா மாத்தினது' வரியில இன்னிக்குத் தேதி ஏறிடும். ஜூலை இருந்த இடமே தெரியாது. வார்டு போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. முதல்ல நோயாளிங்கதானே முக்கியம், மத்ததெல்லாம் அப்புறம்னு மனசு சொல்லுச்சு. ரொம்ப உத்தமமான காரணம். கூடவே இன்னொண்ணும் சொல்லுச்சு: தயாளன் ஆர்டரைப் பொங்கலுக்குள்ள எப்படியாவது பேசி வாங்கிக் கொடுத்துடலாம், ஏ.ஓ. கோபம் அதுக்குள்ள ஆறிடும். பொய் சொல்லமாட்டேன், அந்த எண்ணம் வந்துச்சு. வந்தது மட்டும் இல்லை, கொஞ்ச நேரம் நிதானமா உக்காந்தும் இருந்துச்சு.

திரும்பிப் பாத்தேன். தயாளன் கதவோரத்துலேருந்து எனக்குப் பின்னாடி வந்து நின்னு திரையைப் படிச்சுக்கிட்டிருந்தார். கடைசி வரி வரைக்கும் படிச்சார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கிட்டு ஏ.சி.யைப் பாத்தார். அந்த ஜூலை நாள்ல அவர் வேலையிலேயே இல்லை. பெரிய பையனுக்கு ஸ்கூல்ல ஏதோ சேர்க்கை விஷயம்னு பர்மிஷன் கேட்டார், மத்தியானமே நான்தான் போகச் சொன்னேன். பாஸ்வேர்டு தெரிஞ்சது எங்க ரெண்டு பேருக்கு மட்டும். அவருக்குக் கணக்குப் போடத் தெரியாதா? தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலை. அந்தப் புதுச் சட்டை மடிப்பைப் பாக்கப் பாக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. பிடுங்கித் தின்னற வெக்கம்.

"தயாளன், பிரிண்டர்ல பேப்பர் இருக்கா பாருங்க"ன்னேன்.

"கீபோர்டுலதான் கை வைக்கக் கூடாதுன்னாரு, பிரிண்டர்ல வைக்கலாம்"னு சொல்லிக்கிட்டே போய்ப் பேப்பரை மாட்டினார். அன்னிக்குக் காலையிலேருந்து அந்த ரூம்ல கேட்ட ஒரே சிரிப்பு அதுதான், அதுவும் பாதிச் சிரிப்பு. பிரிண்டர் கிர்ருன்னு ஒவ்வொரு வரியா அடிச்சுது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, எனக்கு ஒரு யுகமா இருந்துச்சு. பேப்பரைக் கிழிச்சு மேஜை மேல வெச்சுட்டு அப்புறம்தான் எண்ணை மாத்தினேன். மெஷினை நிறுத்தி ஆன் பண்ணோம். லேப்பை மறுபடி எல்லாத்தையும் அனுப்பச் சொன்னோம். மேட்ரன் போன் பண்ணி, போதும்மா போதும், மழை மாதிரி கொட்டுதுன்னு சொன்னாங்க. வேலை அத்தோட முடிஞ்சுதுன்னு நினைக்கறவங்க இருக்காங்க. பாதிதான் முடிஞ்சிருந்துச்சு.

காகிதத்தை எடுத்துக்கிட்டு ஏ.ஓ. ரூமுக்குப் போனேன். மணி ஒண்ணு இருபது. சரியாயிடுச்சுன்னு கேள்விப்பட்டு அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துக்கிட்டிருந்தார். அதான் ஓட ஆரம்பிச்சுடுச்சே, இன்னும் என்ன காகிதம்னு கேட்டார். உக்காராம நின்னுக்கிட்டே சொன்னேன்: ஜூலையில மாத்தினது நான், நோட்டுல எழுதாம விட்டது நான், மாத்தினதுக்கப்புறம் உள்ள என்ன இருக்குன்னு பாக்காம வீட்டுக்குப் போனதும் நான். தயாளன் நேத்து நிறுத்தினதும் சரி, இன்னிக்கு ஆன் பண்ணதும் சரி. பூஜைக்காக நிறுத்தப் போய்த்தான் இது பகல்ல, எல்லாரும் இருக்கும்போது வெளியில வந்துச்சு. என்னிக்காவது கரண்ட் போய் மெஷின் தானா நின்னு கிளம்பியிருந்தா, யாரும் இல்லாத நேரத்துல திரை காலியா இருந்திருக்கும்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் காகிதத்தைப் படிச்சார். பாதி புரிஞ்சிருக்காது, தேதி புரிஞ்சுது. அன்னிக்குச் சாயங்காலம் நான் ஓடினது ஆஸ்பத்திரிக்கே தெரியும், பொண்ணுக்குக் கட்டுப் போட்டதே ஆஸ்பத்திரிக்கு நாலு வீடு தள்ளி இருந்த எலும்பு டாக்டர்தான்.

"இது தயாளனுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

"அவன் சொல்லலையே."

"நீங்க அவர்கிட்ட ஒண்ணும் கேக்கவே இல்லையே சார்."

அவர் கடிகாரத்தைப் பாத்தார், திடுக்குன்னு டிராயரைத் திறந்தார். ஒன்றரைக்கு ராகு காலம். ஆர்டரை எடுத்து, பேனா மூடியைக் கடிச்சுத் திறந்து, சரசரன்னு கையெழுத்துப் போட்டு, சீலைக் குத்தி என் கையில கொடுத்தார்.

"இதை உடனே கொண்டு போய்க் குடும்மா. உனக்கு ஒரு மெமோ உண்டு. அதை ராகு காலத்துலயே அடிச்சுக்கலாம்."

என் சர்வீஸ்ல நான் வாங்கின ஒரே மெமோ அது. இன்னிக்கும் திருவான்மியூர் வீட்டுல ஃபைல்ல இருக்கு, வேணும்னா வந்து பாருங்க. மானம் போகலை, வேலை போகலை. அதுவரைக்கும் கம்ப்யூட்டர் ரூம்னா தள்ளி நின்ன ஏ.ஓ., அதுக்கப்புறம் நான் ஒண்ணு சரின்னா ஏன் எப்படின்னு கேக்காம நம்பினார். பூஜையை நிறுத்திடலாமான்னு ஒரு தடவை கேட்டார். வேண்டாம் சார், நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு பிரிண்ட், ஆன் பண்ணதுக்கப்புறம் ஒரு பிரிண்ட் எடுத்து ஒப்பிட்டுப் பாக்கறோம்னு சொன்னேன். அடுத்த வருஷத்துலேருந்து அந்தக் காகிதமும் பொரிகடலை பக்கத்துல உக்காந்துச்சு. தயாளன் அதுக்கும் ஒரு குங்குமம் வெச்சார்.

ஆனா கதை அங்க முடியலை. அன்னிக்கு ஆர்டரை எடுத்துக்கிட்டு ரூமுக்குத் திரும்பினேன். தயாளன் மேஜைக்கு அடியிலேருந்து டப்பாவை எடுத்துப் பைக்குள்ள வெச்சுக்கிட்டிருந்தார், வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போக. நான் காகிதத்தை நீட்டினேன். வாங்கி ஒரு தடவை படிச்சார். பேரு சரியா இருக்கான்னு மறுபடி படிச்சார். நாலா மடிச்சுப் புதுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். கண்ணு கலங்கிடுச்சு, அவருக்கும் எனக்கும். மன்னிச்சுடுங்க தயாளன்னு சொன்னேன். அவர் தலையை ஆட்டிட்டு, மைசூர்பாகு டப்பாவைத் திறந்து என் முன்னாடி வெச்சார்.

நான் ஒரு துண்டை வாயில போட்டுக்கிட்டிருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்தார், காலையிலேருந்து தொடாத கீபோர்டை எடுத்து, நான் அடிச்ச அதே காட்டுற கமாண்டை மறுபடி அடிச்சார். அதான் சரி பண்ணியாச்சே, ரிசல்ட் எல்லாம் ஓடுதே, இன்னும் என்ன தயாளன்னு கேட்டேன்.

"மாத்துனதுக்கு அப்பால உள்ள இன்னா கீதுன்னு பாக்க வேணாமா மேடம்?"

ஜூலையில நான் செய்யாம விட்ட வேலை அதுதான். ரெண்டு பேரும் திரையைப் பாத்தோம். குழு எண் இருபதுன்னு இருந்துச்சு. கடைசி வரியில விஜயதசமித் தேதி இருந்துச்சு.